ரேஷன் விலை போய் சந்தை விலை வந்த கதை: விமான மைல்களைச் செலவழிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன நவம்பரில் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவக்கூட இல்லை, “அண்ணா, கார்டுல 80,000 பாயிண்ட் சேர்ந்திருக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்தானே?” என்றான். சரி, பார்ப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவன் சொன்ன விமான நிறுவனத்தின் தளத்தில் நியூயார்க் – சென்னை, ஜனவரி 10 என்று போட்டால் ஒரு வழிக்கு 1,42,000 மைல் காட்டியது. அவன் முகம் சுருங்கிப்போனது. “ஆபீஸ்ல ஒருத்தர் 40,000-லயே போனேன்னு சொன்னாரே?”

அவர் சொன்னதும் பொய்யில்லை, திரையில் வந்ததும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் மைலைச் சரியாகச் செலவழிக்க முடியும். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுவது. மற்ற நாடுகளிலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

முதலில், நடந்தது என்ன?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் தன் ‘மைலேஜ் பிளஸ்’ஸோடு வந்தது. பறக்கும் தூரத்துக்கு ஏற்ப மைல், சேர்ந்த மைலுக்கு இலவச டிக்கெட். எந்த ஊரிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை மைல் என்று ஒரு பட்டியல் இருக்கும். பொங்கலாக இருந்தாலும் புரட்டாசியாக இருந்தாலும் பட்டியலில் போட்டிருப்பதுதான் விலை.

நம் ரேஷன் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கரும்பலகையில் எழுதியிருக்கும், மாறாது. ஆனால் நீங்கள் போகிற அன்றைக்குச் சரக்கு இருக்க வேண்டும். எந்த விமானத்தில் எத்தனை சீட்டை இந்த விலைக்கு விடுவது என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கும். விற்காது என்று அதற்குத் தோன்றிய சீட்டுகள்தான் பெரும்பாலும் நம் பக்கம் வரும்.

இப்போது பல நிறுவனங்கள் அந்தக் கரும்பலகையைக் கழற்றிவிட்டன. டெல்டா 2015 பிப்ரவரியில் பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்தது. ஏர் பிரான்ஸ் – கேஎல்எம்மின் ‘ஃபிளையிங் புளூ’ 2018-இல் மாறியது. யுனைடெட் 2019 நவம்பரில் தன் சொந்த விமானங்களுக்கும், சில மாதங்களில் கூட்டாளி விமானங்களுக்கும் (அதே மைலைக் கொடுத்துச் சீட் எடுக்கக்கூடிய வேறு நிறுவனங்களின் விமானங்கள்) பட்டியலை விலக்கியது. அமெரிக்கன் தன் சொந்த விமானங்களுக்கான பட்டியலை 2023-இல் கைவிட்டது. வர்ஜின் அட்லாண்டிக் 2024 அக்டோபரிலும், லுஃப்தான்சா குழுமத்தின் ‘மைல்ஸ் அண்ட் மோர்’ 2025 ஜூனிலும் அதே வழிக்கு வந்தன. இனி சந்தை விலை. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ வாங்கப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரக்கு எப்போதும் இருக்கும், விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். டெல்டாவில் ஐரோப்பாவுக்குப் பிசினஸ் கிளாஸ் ஒரு வழிக்கே 3 இலட்சம் மைலைத் தாண்டிக் காட்டும் நாட்கள் உண்டு.

ஏன் இப்படி? மைலில் பெரும்பகுதி இப்போது பறப்பதால் வருவதில்லை, கார்டு தேய்ப்பதால் வருகிறது. வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைலைக் காசு கொடுத்து வாங்கி நமக்குத் தருகின்றன. மைல் என்பது நிறுவனமே அச்சடிக்கும் நோட்டு. அந்த நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது கொரோனா காலத்தில் வெளியே தெரிந்தது. பறக்க ஆள் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 2020-இல் 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா அதே ஆண்டு 900 கோடி, அமெரிக்கன் 2021-இல் 1,000 கோடி. இத்தனை நோட்டு புழங்கும்போது பழைய விலைக்கே சீட் கொடுத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு மனம் வருமா?

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். அமெரிக்கன் 1988-இல் விதிகளை மாற்றியதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போடலாம், மாநில நுகர்வோர் சட்டத்தைக் காட்டிப் போட முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ‘எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அப்புறம் எங்கே போவது! 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டெல்டா, அமெரிக்கன், யுனைடெட், சவுத்வெஸ்ட் நான்கிடமும் இந்தத் திட்டங்களைப் பற்றி விவரம் கேட்டது. நம் டிக்கெட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. வேலையைப் பார்ப்போம்.

படி 1: கணக்கு திறக்கும்போது பெயரைச் சரியாகப் போடுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் தமிழர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், விசாவில் எஃப்.என்.யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்திருப்பார்கள், வங்கிக் கார்டில் அப்பா பெயர் பின்னால் இருக்கும், மைல் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். வங்கியிலிருந்து பாயிண்ட்டை மாற்றும்போது இரண்டு பக்கமும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றம் நின்றுவிடலாம். டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் செக்-இன் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரே வரிசையில் போடுங்கள். மைல் சேர்ந்த பிறகு பெயர் மாற்றுவது தலைவலி. காலியான கணக்கில் அது ஐந்து நிமிட வேலை.

படி 2: பாயிண்ட்டை வங்கியிலேயே விட்டு வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் இரண்டு வகை. ஒன்று, நேராக விமான நிறுவனத்தின் மைலாகவே சேர்வது. இன்னொன்று சேஸ், அமெக்ஸ், சிட்டி, கேபிடல் ஒன் போன்ற வங்கிகளின் சொந்தப் பாயிண்ட். அதைத் தேவைப்படும்போது பல நிறுவனங்களின் மைலாக மாற்றலாம். சேஸிலிருந்து யுனைடெட், ஃபிளையிங் புளூ, ஏர் கனடாவின் ‘ஏரோபிளான்’, பிரிட்டிஷ் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாவற்றுக்கும் போகலாம். சிட்டியிலிருந்து அமெரிக்கனுக்கு மாற்றும் வழி 2025 ஜூலையில்தான் திறந்தது.

விலை நிலையில்லாத காலத்தில் ஒரே கடையின் கூப்பனை மூட்டை கட்டி வைத்திருப்பதைவிடக் கையில் காசு வைத்துக்கொண்டு கடை கடையாக விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம். வங்கிப் பாயிண்ட் அந்தக் காசு. ஒரு முறை மாற்றிவிட்டால் திரும்ப வராது.

எனக்கே நடந்தது. இரவு பதினொன்றரைக்கு ஒரு தளத்தில் நல்ல விலையில் சீட் தெரிந்தது. போட்டது போட்டபடி வங்கியிலிருந்து 60,000 பாயிண்ட்டை மாற்றினேன். உடனே வந்துவிடும் என்று நினைத்தேன்; இரண்டு நாள் எடுத்தது. வந்து சேர்ந்தபோது அதே சீட் 91,000. அந்த 60,000 மைல் ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தது. கடைசியில் வேறு எதற்கோ அரைகுறை மதிப்பில் தீர்த்தேன். அதனால் எந்த வங்கியிலிருந்து எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்பே விசாரித்து வையுங்கள். சில உடனே போய்ச் சேரும், சிலதற்கு நாள் கணக்கு.

படி 3: ரேஷன் கடை இன்னும் எங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள்

எல்லாக் கரும்பலகையும் போய்விடவில்லை. பல திட்டங்கள் பாதிக்குப் பாதியாக இருக்கின்றன: சொந்த விமானத்துக்குச் சந்தை விலை, கூட்டாளி நிறுவனங்களின் விமானத்துக்குப் பழைய பட்டியல் விலை. காரணம் எளிது. கூட்டாளி விமானத்தில் சீட் எடுத்தால் அவர்களுக்கு முன்பே பேசிவைத்த தொகையைக் கொடுக்க வேண்டும்; சீட்டின் அன்றாடக் காசு விலை இவர்கள் கையில் இல்லை.

நமக்கு மிகவும் பயன்படும் உதாரணம் அமெரிக்கன். அதன் சொந்த விமானத்துக்கு விலை ஏறி இறங்கும். ஆனால் அதே மைலைக் கொண்டு கூட்டாளியான கத்தார் ஏர்வேஸில் தோஹா வழியாக சென்னைக்குப் போனால் பட்டியல்தான். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஒரு வழி எகானமி 40,000 மைல், பிசினஸ் 70,000 என்று பல வருடமாக நிற்கிறது. ஆபீஸ்காரர் 40,000-க்குப் போனது இப்படித்தான் இருக்க வேண்டும். ஏர் கனடாவின் ஏரோபிளானும் இதே ரகம்: பல கூட்டாளி நிறுவனங்களுக்குத் தூரத்தை வைத்துப் பட்டியல் உண்டு. லுஃப்தான்சா பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்குப் பறக்கிறது. அந்த சீட்டை லுஃப்தான்சாவின் சொந்தத் திட்டத்தில் தேடாமல் ஏரோபிளானில் தேடினால் கதையே வேறு.

ஆனால் ரேஷன் என்றால் ரேஷன்தான். சரக்கு வந்திருக்க வேண்டும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை, அப்புறம் மே கடைசி, ஜூன் – இந்த நாட்களில் சென்னைக்கு இந்த விலையில் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. புறப்படுவதற்குச் சுமார் 11 மாதம் முன்னால் திறக்கும்போது கிடைக்கலாம். இல்லையென்றால் கடைசி இரண்டு வாரத்தில், விற்காமல் மிஞ்சிய சீட்டைத் திறந்துவிடும்போது. நடுவில் பார்ப்பது பெரும்பாலும் ஏமாற்றம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பட்டியல் விலை இன்னும் உண்டு; 2025 நவம்பரில் அதன் பக்கத்திலேயே விலை மாறும் இன்னொரு வகையையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தேடும்போது எந்த வகை விலையைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 4: தேடும் முறை

முதலில் கூகுள் ஃபிளைட்ஸில் காசு விலையைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். காசு விலை தெரியாமல் மைல் விலையைப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. பிறகு சீட்ஸ்.ஏரோ, பாயிண்ட்.மி போன்ற தேடும் தளங்களில் ஒரு மாதத்துக்குப் பரப்பிப் பாருங்கள். ஒரே நாளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே பாதிக்குப் பாதி வித்தியாசம் வருவது சாதாரணம்.

தேடும் தளத்தில் சீட் தெரிந்தால் அதை நம்பிவிடாதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய், பெயர் நிரப்பி, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். தேடலில் தெரிந்து, கிளிக் செய்தால் காணாமல் போகும் பேய் சீட்டுகள் நிறைய உண்டு. அந்தப் பக்கம் வரை சீட் இருந்தால்தான் வங்கிப் பாயிண்ட்டை மாற்ற வேண்டும்.

ஒரு வழி, ஒரு வழியாகத் தேடுங்கள். போகும்போது பாயிண்ட், வரும்போது காசு என்று பிரித்துக்கொள்வதில் தவறே இல்லை.

படி 5: கணக்கு

தாளில் எழுதிய காசு விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு மைலுக்கு எத்தனை சென்ட் கிடைக்கிறது என்பது வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட் விலை 640 டாலர். மைலில் எடுத்தால் 50,000 மைலும் 40 டாலர் வரியும். 640-இல் 40 போனால் 600. அதை 50,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1.2 சென்ட். இது சுமார் ரகம். அதே டிக்கெட்டுக்கு 90,000 மைல் கேட்டால் 0.67 சென்ட், அப்போது காசு கொடுத்து வாங்குங்கள். நான் வைத்திருக்கும் கோடு ஒரு சென்ட். சில வங்கிகளில் பாயிண்ட்டைக் காசாக மாற்றினாலே ஒரு சென்ட் கிடைக்கும் என்பதால் அதற்குக் கீழே போவது நஷ்டம். காசு கொடுத்து வாங்கினால் அந்தப் பயணத்துக்குப் புதிதாக மைல் வேறு சேரும். இலவச டிக்கெட்டில் அது இல்லை.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் விலை 5,000 டாலர், நான் 70,000 மைலில் எடுத்தேன், ஒரு மைலுக்கு 7 சென்ட் கிடைத்தது என்று மார்தட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையிலிருந்து 5,000 டாலர் கொடுத்து அவர் என்றைக்காவது அந்த சீட்டை வாங்கியிருப்பாரா? மாட்டார். நீங்கள் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். பெட்டி உண்டா, ரத்து செய்ய முடியுமா என்பதையும் சேர்த்துத்தான்.

வரிக் கட்டத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவுக்குள் ஒரு வழிக்கு 5 டாலர் 60 சென்ட்தான். ஆனால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி சிலர் எரிபொருள் கட்டணம் என்று நூற்றுக்கணக்கில் தீட்டிவிடுவார்கள். மைல் குறைவு என்று குதித்து, கடைசிப் பக்கத்தில் வாயைப் பிளந்து நிற்க வேண்டாம். லண்டனில் இறங்கி நாலு நாள் தங்கிவிட்டுக் கிளம்பினால் அந்நாட்டுப் பயண வரியும் விழும். 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறிப் போனால் அது கிடையாது.

படி 6: எடுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருங்கள்

சந்தை விலையில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: விலை இறங்கவும் செய்யும். அமெரிக்கனில் உள்நாட்டுப் பயணம் 5,000, 6,000 மைலுக்கெல்லாம் வருவதுண்டு. பழைய பட்டியலில் அது கனவில்கூட வராது. ஃபிளையிங் புளூ மாதாமாதம் சில வழித்தடங்களுக்குத் தள்ளுபடி போடுகிறது.

அமெரிக்கன், யுனைடெட் இரண்டிலும் மைல் டிக்கெட்டை ரத்து செய்தால் மைல் அபராதமில்லாமல் கணக்குக்குத் திரும்பும். டெல்டாவில் வட அமெரிக்காவில் புறப்படும் பயணங்களுக்கு அப்படித்தான். ஆனால் ‘பேசிக்’ என்கிற அடிமட்ட எகானமி வகையை எடுத்திருந்தால் கிடையாது. இதை வைத்து ஒரு வேலை செய்யலாம். போகிற நாள் முடிவானதும் சுமாரான விலையிலேயே எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை அதே விமானத்தின் விலையைப் பாருங்கள். டென்வர் போக நான் 38,000-க்கு எடுத்தது மூன்று வாரத்தில் 29,000-க்கு இறங்கியது. புதிதாக ஒன்றை எடுத்துவிட்டு, பிறகு பழையதை ரத்து செய்தேன். வரிசை முக்கியம்: முதலில் எடுப்பது, அப்புறம் விடுவது. ஐரோப்பிய, ஆசியத் திட்டங்கள் பலவற்றில் ரத்து செய்யக் கட்டணம் உண்டு; அங்கே இந்த விளையாட்டு செல்லாது.

படி 7: சேர்த்து வைக்காதீர்கள்

நம் வீடுகளில் எதையும் சேர்த்து வைத்துத்தான் பழக்கம். நகைக்கு அது சரி. மைல் வட்டி தராது, விலை மட்டும் ஏறும். காலாவதியும் உண்டு: அமெரிக்கனில் 24 மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் போச்சு, ஏரோபிளானில் 18 மாதம், சிங்கப்பூரில் அசைவு இருந்தாலும் 36 மாதம்தான். டெல்டா, யுனைடெட் மைல்கள் காலாவதி ஆவதில்லை. மதிப்பு தேய்வதை அது தடுக்காது. ஓய்வு பெற்ற பிறகு உலகம் சுற்றலாம் என்று 5 இலட்சம் மைல் சேர்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தொடங்கியபோது அது மூன்று முறை போய்வரும் அளவு. இப்போது ஒன்றுக்கே இழுபறி.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நல்லவேளை, அவனிடம் இருந்தது சிட்டி வங்கியின் பாயிண்ட், எங்கும் மாற்றவில்லை. பொங்கலுக்கு முன் பட்டியல் விலையில் ஒரு சீட்டும் இல்லை. காசு விலையும் எட்டாத உயரம். பரப்பித் தேடியதில் ஜனவரி 22-ஆம் தேதி கென்னடி விமான நிலையத்திலிருந்து தோஹா வழியாக 40,000-க்கு ஒன்று நின்றது. பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தோம், இருந்தது. பாயிண்ட்டை மாற்றி, டிக்கெட் கையில் வந்த பிறகுதான் சித்திக்குப் போன் போட்டான். “பொங்கல் முடிஞ்சுதான் வர்றியா?” என்று கேட்டுவிட்டு, “சரி, தைப்பூசத்துக்காவது இருப்பல்ல” என்றார்கள்.

திரும்பி வருவதற்குச் சீட் அப்போது இல்லை. தவிர்க்க முடியாவிட்டால் காசு போடுவது என்று தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனான். அங்கிருந்தே தினம் காலையில் காபியோடு தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்ப வேண்டிய தேதிக்குப் பதினோரு நாள் முன்னால் ஒரு சீட் திறந்தது, இன்னொரு 40,000. கணக்கில் இப்போது மீதி 640 பாயிண்ட்.